மஞ்சள் சீட்டு ஒட்டிய புத்தகம்

ஒருமுறை அலுவலகத்தில் எல்லோருமாக மாமல்லபுரம் போயிருந்தோம். உச்சி வெயில். கரையில் ஏற்றி வைத்திருந்த ஒரு படகின் நிழலில் வட்டமாக உட்கார்ந்து புளிசாதப் பொட்டலங்களைப் பிரித்தோம். எங்களோடு வேலை பார்த்த ஒரு அம்மா மட்டும் உட்காரவில்லை. "இது யாரோட படகு?" என்று கேட்டார். யாருக்குத் தெரியும்? கைப்பையைத் தலைக்கு மேல் பிடித்துக்கொண்டு மணலில் நடந்து போனார். கால் மணி நேரம் கழித்து, லுங்கி கட்டிய ஒருவரைக் கையோடு அழைத்து வந்தார்.

"இன்னாம்மா இது, நெழலுக்கு எவனாச்சும் பர்மிசன் கேப்பானா? குந்திக்கமா" என்று அவர் சிரித்துவிட்டுப் போனார். அதற்குப் பிறகுதான் அந்த அம்மா உட்கார்ந்தார். அதற்குள் நாங்கள் சாப்பிட்டுக் கை கழுவியாகிவிட்டது.

இப்படிப்பட்ட ஒருவரோடு தினமும் எட்டு மணி நேரம் வேலை பார்ப்பதை நினைத்துப் பாருங்கள். என் மேஜையில் இருக்கும் பேனாவை எடுக்கக் கேட்பார். மின்விசிறியைக் கூட்டக் கேட்பார். நான் சீட்டில் இல்லாவிட்டால் வரும்வரை பேனா இல்லாமலே காத்திருப்பார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

எங்கள் அலுவலகம் கேளம்பாக்கத்தில், ஒரு மருந்துக் கடைக்கு மேலே மூன்றாவது மாடியில் இருந்தது. பழைய தமிழ்ப் புத்தகங்களை வாங்கி வந்து ஸ்கேன் செய்து இணையத்தில் ஏற்றுவது எங்கள் வேலை. உலகத்தின் எந்த மூலையில் இருப்பவரும் காசு கொடுக்காமல் படிக்கலாம். நான் ஸ்கேன் செய்கிறவன். ஒரு புத்தகத்தை ஏற்றலாமா கூடாதா, அதன் உரிமை யாரிடம் இருக்கிறது என்று பார்த்துச் சொல்வது அந்த அம்மாவின் வேலை. செங்கல்பட்டுப் பதிவாளர் அலுவலகத்தில் பணியாற்றி ஓய்வு பெற்றவர். வேலைக்குச் சேர்ந்த நாள் முதல் நிலங்களுக்கு வில்லங்கம் பார்த்துப் பார்த்தே பழகிய கண். அதனால் நாங்கள் நேரில் 'மேடம்' என்போம், முதுகுக்குப் பின்னால் 'வில்லங்கம்மா' என்போம். அது அவருக்குத் தெரியும் என்றுதான் நினைக்கிறேன்.

அவருக்குப் புத்தகமும் ஒரு மனை மாதிரிதான். எழுதியவர் உரிமையாளர். பதிப்பாளர் குடியிருப்பவர். எழுதியவர் போய்விட்டால் அவருடைய வாரிசுகள். ஒரு தாளை எடுத்து, மேலே எழுதியவர் பெயரை எழுதிக் கட்டம் கட்டி, கீழே மனைவி, மகன், மகள் என்று கிளை கிளையாகக் கோடு இழுப்பார். எழுதியவர் இறந்து அறுபது வருஷம் தாண்டியிருந்தாலோ, வாரிசுகள் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தாலோ பச்சைச் சீட்டு. வாரிசு மறுத்தால் சிவப்பு. உரிமைக்காரர் யாரென்றே தெரியாவிட்டால் மஞ்சள்.

மஞ்சள்தான் மலையாகக் குவிந்தது. எழுதியவர் பெயர் இருக்கும், ஊர் இருக்காது. அச்சகம் இருக்கும், அச்சிட்ட வருஷம் இருக்காது. எப்போது இறந்தார் என்று தெரியாத எழுத்தாளர் சட்டத்தின் கண்ணில் இறக்கவே இல்லை. அந்தப் புத்தகங்களையெல்லாம் நான் ஸ்கேன் செய்து சர்வரில் போடுவேன். பெயர் மட்டும் பட்டியலில் தெரியும். உள்ளே போனால் பூட்டு. எங்கள் தொழிலில் இவற்றை 'அநாதைப் படைப்பு' என்பார்கள். அவர் அந்தச் சொல்லை எழுத விடமாட்டார். "நமக்குப் பெத்தவங்க யாருன்னு தெரியலைன்னா அது அநாதை ஆயிடுமா? நமக்குத் தெரியலை. அவ்வளவுதான்" என்பார்.

அரசிடம் விண்ணப்பித்து உரிமம் வாங்கச் சட்டத்தில் ஒரு வழி இருக்கிறதாம். பத்திரிகையில் அறிவிப்புக் கொடுத்து, வக்கீல் வைத்து, ஒவ்வொரு புத்தகத்துக்கும் தனித்தனியாக ஏறி இறங்க வேண்டும். நிர்வாகம் கையை விரித்துவிட்டது. அவர் கையில் மிச்சம் இருந்தது பஸ் பாஸும் செருப்பும்தான்.

சதுரங்கப்பட்டினத்துக்கு என்னையும் இழுத்துக்கொண்டு போனார். 'வீட்டிலேயே செய்யத்தக்க ஜாலங்கள்' என்று ஒரு சின்னப் புத்தகம். எழுதியவர் அந்த ஊர்ப் பள்ளிக்கூட வாத்தியார், போய்ச் சேர்ந்து பத்துப் பதினைந்து வருஷம் ஆகிவிட்டது. கோட்டைக்குப் பின்பக்கம் விசாரித்து வீட்டைப் பிடித்தோம். மூத்த மகன் வெளியே வந்தார்.

"எங்க நைனா புக்கு எய்துனாரா? இன்னா புக்கு?"

"மேஜிக் புக்குங்க. உங்க கையெழுத்து வேணும். எல்லாரும் படிக்கிற மாதிரி..."

"கையெத்தா? வூட்டுப் பத்தரத்துல எதுனா பேஜாரு வருமா?"

அரை மணி நேரம் எடுத்துச் சொல்லி அவரிடம் வாங்கினோம். அடுத்த தெருவில் இரண்டாவது மகன், அவரும் போட்டார். கல்பாக்கம் குவார்ட்டர்ஸில் மூன்றாவது மகன், படித்தவர், காபி கொடுத்துப் போட்டார். கடைசி மகளுக்கு மாமல்லபுரத்தில் கிளிஞ்சல் சாமான் கடை. தாளில் அண்ணன்கள் கையெழுத்தைப் பார்த்ததும் முகம் மாறிவிட்டது. "எங்க அண்ணாத்தங்க போட்ட எடத்துல நான் போட மாட்டேன். எங்கம்மா செத்ததுக்கே எனக்குச் சொல்லி வுடல அவனுங்க" என்றார். அந்த அம்மா நான்கு தடவை போய் அந்தக் கடை வாசலில் நின்றார். கடைசியில் சிவப்புச் சீட்டு ஒட்டினார். மூன்று கையெழுத்தோடு ஏற்றிவிடலாம், யார் வந்து கேட்கப் போகிறார்கள் என்று மேனேஜர் சொன்னார். அவர் சீட்டை மாற்றவில்லை.

இதையெல்லாம் கேலியாகவே என்னால் சொல்ல முடியும். சொல்லியிருக்கிறேன், நிறையப் பேரைச் சிரிக்க வைத்திருக்கிறேன். அச்சரப்பாக்கத்துப் பெரியவரைப் பற்றி மட்டும் இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

எழுபது வயதிருக்கும். மல்லாட்டை மண்டி, அதாவது வேர்க்கடலை மண்டி, வைத்திருந்தவர். வெள்ளைச் சட்டை, தோளில் துண்டு. மூன்று மாடி ஏறி மூச்சு வாங்கிக்கொண்டு வந்து நின்றார். கையில் ஒரு துண்டுத் தாள். அதில் பக்கத்து வீட்டுப் பெண் எங்கள் தளத்தில் பார்த்து எழுதிக் கொடுத்த புத்தகப் பெயர்: 'விடுதிக் குறிப்புகள்'. எழுதியவர்: 'ஒரு தாதி'.

எனக்கு அந்தப் புத்தகம் நினைவிருந்தது. கெட்டி அட்டை, நூறு பக்கத்துக்குள். ஊருக்கு வெளியே தொழுநோயாளிகளை வைத்துப் பார்த்துக்கொண்ட ஒரு விடுதியில் வேலை செய்த நர்ஸ் எழுதியது என்று முகப்பில் போட்டிருந்தது. நர்ஸின் பெயர் இல்லை. வருஷம் இல்லை. அச்சகம் செங்கல்பட்டு, இப்போது அந்த இடத்தில் செல்போன் கடை. மஞ்சள் சீட்டு.

பெரியவர் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தார். குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னார்.

"எனுக்கு ஒரு அக்கா இருந்துச்சிம்மா. அஞ்சலைன்னு பேரு. பதினாறு வயசுல ஒடம்புல தேமல் மாதிரி வந்துச்சி. எங்கப்பா வண்டி கட்டிகினு போய் அங்க வுட்டுட்டு வந்துட்டாரு. அப்பறம் யாரும் போவல. போன மாசம் அங்க இருந்த ஒரு ஆளப் பாத்தேன், ரொம்பக் கெயவரு. ஒங்க அக்கா பேரு அந்த புக்குல கீதுன்னாரு."

"அவங்க இப்போ..."

"செத்துப் போய் ரொம்ப வருசம் ஆவுதாம். அதுவும் அவரு சொல்லித்தான் தெரியும்." துண்டால் முகத்தைத் துடைத்தார். "எனுக்குப் பொண்ணு பாக்க வந்தாங்கோ. அக்கா எங்கன்னு கேட்டாங்கோ. எங்கப்பா வாயத் தொறக்கல. செத்துட்டான்னு நான்தாம்மா சொன்னேன். அது உசுரோட இருக்கறப்பவே அப்பிடி சொன்னேன். என்னைப் பத்தி எதுனா திட்டி வச்சிகீதான்னு பாக்கணும். அந்த ஒரு பக்கம் போதும்."

சாதாரண மனுஷர் யாராக இருந்தாலும் அந்த நிமிஷமே கம்ப்யூட்டரைத் திருப்பிக் காட்டியிருப்பார். அந்த அம்மா காட்டவில்லை. கண் கலங்கியிருந்தது, நான் பார்த்தேன். ஆனாலும் சொன்னார்: "ஐயா, இது எழுதினவங்க பேரையே மறைச்சு எழுதியிருக்காங்க. அவங்க யாருன்னு நான் கண்டுபிடிக்கிறேன். அவங்களோ அவங்க பிள்ளைங்களோ சரின்னு சொன்னா முழுப் புஸ்தகத்தையும் உங்களுக்கு அச்சடிச்சே குடுக்கறேன். எனக்குக் கொஞ்சம் டைம் குடுங்க."

பெரியவர் கோபப்படவில்லை. "கேட்டுச் சொல்லும்மா" என்று எழுந்தார்.

அவர் போனதும் நான் அந்த அம்மாவோடு சண்டை போட்டேன். சொந்தமாகப் படிக்க ஒரு பக்கம் காட்டினால் எந்தச் சட்டமும் தடுக்காது என்றேன். அவர் சொன்ன பதில் இன்னும் காதில் இருக்கிறது. "அந்தப் புஸ்தகத்துல எத்தனை வீட்டுப் பேர் இருக்கோ. ஒளிச்சு வெச்ச குடும்பங்கப்பா எல்லாம். அவர் பக்கத்தைத் தேடறேன்னு அடுத்தவங்க பக்கத்தையும் நாம புரட்டணும். ரிஜிஸ்டர் ஆபீஸ்ல ஒரு தடவை, அழுதாங்களேன்னு ஒரு உயிலை வாரிசு அல்லாதவங்களுக்குக் காட்டினேன். அந்தக் குடும்பம் சிதறிப் போச்சு. மறுபடி அந்தப் பாவம் எனக்கு வேணாம்."

மஞ்சள் சீட்டுப் புத்தகங்களில் அவர் முகப்புப் பக்கமும் அச்சகப் பக்கமும் தவிர எதையும் படிப்பதில்லை. உரிமை தெரியாத வீட்டுக்குள் எட்டிப் பார்ப்பதில்லை என்று ஒரு வைராக்கியம். நானும் படித்ததில்லை, ஆனால் என் காரணம் வேறு. நாள் முழுக்கப் பக்கம் புரட்டுகிறவனுக்குப் படிக்கத் தோன்றாது. கண் பக்க எண்ணில்தான் இருக்கும்.

அந்த அம்மா தேடியதைச் சும்மா சொல்லக் கூடாது. விடுதியில் வேலை செய்து ஓய்வு பெற்றவர்களின் விலாசங்களை விசாரித்து விசாரித்துச் சேர்த்தார். அந்த நர்ஸ் கேரளாவிலிருந்து வந்தவர் என்றார் ஒருவர். இல்லை, திருக்கழுக்குன்றத்துப் பெண்தான் என்றார் இன்னொருவர். கல்யாணம் செய்துகொள்ளவில்லை என்றும் சொன்னார்கள், இரண்டு பிள்ளைகள் என்றும் சொன்னார்கள். அந்த அம்மா அனுப்பிய பதிவுத் தபால்கள் விலாசதாரர் இல்லை என்ற முத்திரையோடு ஒவ்வொன்றாகத் திரும்பி வந்தன. 'ஒரு தாதி' என்று கட்டம் போட்ட தாள் அவர் மேஜைக் கண்ணாடிக்கு அடியிலேயே கிடந்தது. கீழே ஒரு கோடுகூட இழுக்க முடியவில்லை.

பெரியவர் ஒவ்வொரு மாதமும் முதல் செவ்வாய்க்கிழமை வருவார். பஸ் மாறி, ஷேர் ஆட்டோ பிடித்து, மூன்று மாடி ஏறி. ஒரு பை வறுத்த மல்லாட்டை கொண்டு வருவார். நாங்கள் தின்போம். அந்த அம்மா இரண்டே இரண்டு எடுத்துக்கொள்வார்.

"இன்னாம்மா, ஆள் கெடச்சாங்களா?"

"இன்னும் இல்லைங்கய்யா."

"கெடச்சிடுவாங்க. நீ தேடற தேடலுக்குக் கெடைக்காம போவாங்களா?" என்று அவர்தான் இவருக்கு ஆறுதல் சொல்வார். ஒருமுறை படி இறங்கும்போது என் கையைப் பிடித்துக்கொண்டார். "நீ பாத்துட்டு, திட்டி கீதா இல்லியான்னு மட்டும் சொல்லுபா. ஒரே வார்த்தை." அன்றைக்கு மாலையே பார்த்துவிடலாம் என்றுதான் நினைத்தேன். அந்த அம்மாவின் முகம் ஞாபகம் வந்தது. விட்டுவிட்டேன். அவரைக் குறை சொல்ல எனக்கு இருக்கும் யோக்கியதை இவ்வளவுதான்.

பத்து மாதம் வந்தார். பதினோராவது மாதம் வரவில்லை. அதற்கு அடுத்த மாதமும் வரவில்லை. செவ்வாய்க்கிழமை முழுக்க அந்த அம்மா படிக்கட்டுப் பக்கம் பார்த்துக்கொண்டே இருந்தார்.

ஒரு நாள் மதியம் அலுவலகத்துக்கு ஒரு போன் வந்தது. நான் எடுத்தேன். பெரியவருடைய மகன்.

"சார், எங்கப்பா தவறிப்போய் ஒண்ணர மாசம் ஆவுது. அவரு சட்டப் பையில ஒங்க ஆபீஸ் நம்பர் இருந்துச்சி, மொத செவ்வாய்னு எய்தி இருந்துச்சி. எங்ககிட்ட டாக்டராண்ட போறேன்னு சொல்லிகினுதான் மாசாமாசம் கெளம்புவாரு. அங்க எதுக்கு சார் வந்துகினு இருந்தாரு?"

விசாரித்துச் சொல்கிறேன் என்று வைத்துவிட்டு அந்த அம்மாவிடம் சொன்னேன். அவர் என் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, "அந்தப் புஸ்தகத்தைத் திற" என்றார்.

திறந்தேன். முன்னுரைக்கு அடுத்த பக்கத்திலேயே எனக்குத் திக்கென்றது. நினைவுக் குறிப்பு என்று நாங்கள் பட்டியலில் போட்டிருந்த அந்தப் புத்தகம் முழுக்கக் கடிதங்கள். எழுதப் படிக்கத் தெரியாதவர்களும், விரல் போனவர்களும் சொல்லச் சொல்ல அந்த நர்ஸ் எழுதியவை. அனுப்பும் முன் தனக்கு ஒரு பிரதி எடுத்து வைத்திருக்கிறார். ஒவ்வொன்றின் கீழும் அந்தக் கடிதம் என்ன ஆயிற்று என்று ஒரு வரி. அறுபத்திரண்டாம் பக்கத்தில் அச்சரப்பாக்கம் இருந்தது.

'தம்பிக்கு அக்கா அஞ்சலை எழுதிக்கொள்வது. இங்கு எனக்குச் சாப்பாட்டுக்குக் குறை இல்லை. உனக்குப் பெண் பார்ப்பதாக நம் ஊரிலிருந்து வந்த பால்காரர் சொன்னார். அக்கா எங்கே என்று அவர்கள் கேட்பார்கள். செத்துவிட்டாள் என்று சொல்லிவிடு. நான் சொல்லச் சொல்லித்தான் நீ சொல்கிறாய். அதனால் அது உன் பொய் இல்லை. மனசில் வைத்துக்கொண்டு கஷ்டப்படாதே. கல்யாணம் ஆனபிறகு எப்போதாவது இந்தப் பக்கம் வந்தால் கேட்டுக்கு வெளியே நின்று ஒரு தரம் முகத்தைக் காட்டிவிட்டுப் போ. நான் கூப்பிட மாட்டேன்.'

கீழே நர்ஸின் வரி: 'வாங்க மறுத்துத் திரும்பி வந்தது.'

பெரியவருடைய அப்பாதான் மறுத்திருக்க வேண்டும். பெரியவருக்கு இப்படி ஒரு கடிதம் வந்ததே தெரியாது.

எனக்கு அழுகை வந்துவிட்டது. அந்த அம்மா அழவில்லை. திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். "இது தாதி எழுதினது இல்லையே" என்றார். என்னிடம் கேட்டுவிட்டு ஒரு தாளை எடுத்தார். மேலே 'அஞ்சலை' என்று எழுதிக் கட்டம் கட்டினார். கணவன் இல்லை. பிள்ளை இல்லை. பெற்றோர் போய்விட்டார்கள். பக்கவாட்டில் ஒரே ஒரு கோடு இழுத்தார். அதன் முனையில் பெரியவரின் பெயரை எழுதினார்.

"சொன்னவளுக்குத்தானேப்பா சொல்லு சொந்தம். அவளுக்கு வாரிசு இவர் ஒருத்தர்தான். உரிமைக்காரரையே இந்த நாற்காலியில உக்கார வெச்சு, உரிமைக்காரர் கிடைக்கட்டும்னு பத்து மாசம் திருப்பித் திருப்பி அனுப்பியிருக்கேன்."

அட்டையில் யார் பெயர் இருக்கிறதோ அவர்தான் உரிமைக்காரர் என்று வில்லங்கம் பார்த்த பழக்கம். நானும் அப்படித்தான் நினைத்தேன், அலுவலகமே அப்படித்தான் நினைத்தது. ஒரே ஒருமுறை ஒரு பக்கம் உள்ளே போய்ப் பார்த்திருந்தால் போதும். அவர் மேல் எனக்கு வந்த ஆத்திரத்தைச் சொல்லி மாளாது. அதே அளவு என் மேலும் வந்தது.

"இப்போ அந்தப் பையன்தான் வாரிசு. போன் போடு, அவர்கிட்டயே குடுத்துடலாம்" என்றார். அந்தப் பக்கத்தை அச்சடித்து எடுத்து அவர் மடியில் வைத்தேன். ஸ்பீக்கரில் போட்டுக் கூப்பிட்டேன்.

"உங்க அப்பா இங்க ஒரு புஸ்தகம் விஷயமா வந்தார். அதுல உங்க அத்தையைப் பத்தி..." என்று ஆரம்பித்தேன்.

"அத்தையா? எந்த அத்தை சார்? எங்கப்பா ஒத்தப் புள்ள. கூடப் பொறந்தவங்கன்னு யாருமே கெடயாது. அவரே எத்தினியோ தபா சொல்லி கீறாரு. ஏன் சார், யாருனா எதுனா கேட்டுகினு வந்து கீறாங்களா? வூட்டுல பொண்ணுக்கு வரன் பாத்துகினு இருக்கோம் சார்."

நான் பதில் சொல்ல வாயைத் திறந்தேன். அந்த அம்மா கையை நீட்டி என்னை நிறுத்தினார். போனைத் தன் பக்கம் நகர்த்திக்கொண்டார்.

"மன்னிக்கணும். ஆள் மாறிப் போச்சு. உங்க அப்பா இங்கே சும்மா பழைய புஸ்தகம் படிக்கத்தான் வருவார். நல்ல மனுஷர்."

போனை வைத்தார். அவர் பொய் சொல்லி நான் கேட்டது அந்த ஒரு தடவைதான்.

"ஏன் மேடம்? அந்தப் பையனுக்குத் தெரிய வேண்டாமா? அவர்தான் வாரிசுன்னு நீங்கதானே இப்போ சொன்னீங்க?" என்று கத்தினேன்.

"கடைசி வரைக்கும் பெத்த பிள்ளைகிட்டகூடச் சொல்லாம போனாரே அவர்" என்றார். "அந்தப் பொய்யைச் சொல்லிக்கோன்னு அக்கா தம்பிக்கு உரிமை குடுத்தா. அதை உடைக்கிற உரிமையை எனக்கு யார் குடுத்தது?"

அடுத்த மாதமே வேலையை விட்டு நின்றுவிட்டார். செங்கல்பட்டில்தான் இருக்கிறார் என்றார்கள், நான் போய்ப் பார்க்கவில்லை. எனக்கும் இப்போது வேறு வேலை. எப்போதாவது அந்தத் தளத்துக்குள் போய்ப் பார்ப்பேன். 'விடுதிக் குறிப்புகள்' பட்டியலில் இருக்கிறது, பூட்டியே இருக்கிறது. அறுபத்திரண்டாம் பக்கத்தைப் படிக்க வேண்டியிருந்தவர் ஒருவர்தான். படித்தது நாங்கள் இரண்டு பேர்.